மூடி நடுவில் இல்லை

இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றியது. வடிவமைப்பு பற்றிய புத்தகங்களில் முழுப் பக்கத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் தேநீர்க் குடுவை, ஜெர்மனியின் வைமார் நகரில், பௌஹவுஸ் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது. உயரம் ஏழரை சென்டிமீட்டர்தான். குனிந்தால்தான் கண் அதன் மட்டத்துக்கு வரும். குனிந்தேன். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளியின் உலோகப் பட்டறையில் மரியானே பிராண்ட் 1924-ல் வடிவமைத்தது. பட்டறைக் கணக்கில் அதன் பெயர் எம்.டி. 49. இதிலிருந்து நேராகக் கோப்பைக்குத் தேநீர் ஊற்றுவதில்லை. நம் வீடுகளில் காபிக்கு டிகாக்‌ஷன் இறக்கி வைப்பதுபோல, கெட்டியான தேயிலைச் சாறு மட்டும் இதில் இருக்கும். கோப்பையில் கொஞ்சம் விட்டு, மேலே வெந்நீர் சேர்த்துப் பதமாக்கிக்கொள்ள வேண்டும். சின்னதாக இருப்பது அதன் வேலைக்கு ஏற்ற அளவு. டிகாக்‌ஷன் பாத்திரம் அண்டா அளவுக்கு எதற்கு?

உடல் ஓர் அரைக்கோளம். அது மேசையில் அப்படியே உட்காராது, உருளும். ஆகவே அடியில் இரண்டு பட்டைகள் சிலுவைபோல ஒன்றையொன்று வெட்டி நின்று, அதைத் தாங்குகின்றன. வட்டமான அடிவளையம் ஒன்றை வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் வளையம் அரைக்கோளத்தின் அடியை மறைத்திருக்கும். சிலுவை மறைக்கவில்லை. வளைவு முழுவதும் கீழே வந்து முடியும் வரை கண் அதோடு போக முடிகிறது. குடுவை மேசையைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே மிதப்பதாகத் தெரிவது இதனால்தான்.

மேலே, தட்டையான முகப்பில் வட்டமாக ஒரு மூடி. அது நடுவில் இல்லை. பின்பக்கம், கைப்பிடியை ஒட்டித் தள்ளியிருக்கிறது. இவ்வளவு கணக்காக வட்டமும் அரைவட்டமும் போட்ட கை, மூடியை மட்டும் ஏன் நடுப்புள்ளியிலிருந்து நகர்த்தியது? குடுவையைச் சாய்த்து ஊற்றுவதாக நினைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மூடி மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால், சாய்க்கும்போது அதன் விளிம்பு வழியாகச் சாறு கசியும். பின்னால் இருந்தால், திரவம் எட்டாத உயரத்தில் அது நிற்கும். கசிவைத் தடுக்கத்தான் நகர்த்தினார்கள். ஆனால் நகர்த்தியதும் வேறொன்றும் நடந்துவிட்டது. பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம் ஓரமாக ஒதுங்கியதால், குடுவைக்கு ஒரு திசை வந்துவிட்டது. அசையாமல் இருக்கும்போதே, மூக்குப் பக்கமாகச் சாயப்போகும் பாவனை. நடுவில் மூடி வைத்த குடுவை உட்கார்ந்திருக்கும். இது எழப்போகிறது.

கைப்பிடி கருங்காலி மரம், அரைவட்டம். மூடியின் குமிழும் கருங்காலிதான். உலோகங்களில் வெள்ளியைப்போல வேகமாகச் சூடு கடத்துவது வேறில்லை. வெந்நீர் விட்ட மறுநொடி விரலைச் சுட்டுவிடும். ஆகவே விரல் படும் இரண்டு இடங்களில் மட்டும் மரம், மற்றதெல்லாம் உலோகம். கறுப்பும் வெளுப்புமாகப் பார்க்க எடுப்பாக இருக்கிறது என்பது இதன் விளைவு. கைப்பிடியைச் சற்று உயரத்தில் வைத்திருப்பதும் ஊற்றும்போது மணிக்கட்டு அதிகம் திரும்ப வேண்டாம் என்பதற்காக. வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. இதில் வீணான கோடு ஒன்றும் இல்லை என்று சொல்வது எளிது. ஒவ்வொரு கோடும் இரண்டு வேலை பார்க்கிறது, ஒன்று கைக்கு, ஒன்று கண்ணுக்கு, என்று சொன்னால்தான் எனக்கு நிறைவாக இருக்கிறது.

பிராண்ட் ஓவியமும் சிற்பமும் படித்தவர். பௌஹவுஸில் சேர முடிவெடுத்தபோது தன் பழைய ஓவியங்களை எரித்துவிட்டு வந்தார். 1924-ல், லாஸ்லோ மொஹோலி-நாகி நடத்திய உலோகப் பட்டறையில் நுழைந்தார். பெண்களை நெசவுப் பட்டறைக்கு அனுப்புவதே அங்கே வழக்கம். உலோகப் பட்டறையில் இருந்தவர்கள் இவரை வேண்டாவெறுப்பாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். சலிப்பூட்டும் வேலைகளையெல்லாம் தன் தலையில் கட்டினார்கள் என்று முதுமையில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். முரண்டு பிடிக்கும் ஜெர்மன் வெள்ளித் தகட்டில் சின்னச் சின்ன அரைக்கோளங்களை ஓயாமல் தட்டித் தட்டி எடுத்தாராம். எத்தனை என்று அவர் கணக்கு வைத்திருக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு எம்.டி. 49-ன் வயிற்றைப் பார்த்தால், அந்த வளைவின் சுத்தம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கத் தோன்றுகிறது. தண்டனைபோலக் கொடுத்த பயிற்சி அவர் மணிக்கட்டில் தங்கிவிட்டது. 1928-ல் அதே பட்டறையின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

இந்தக் குடுவை ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்ப்பதற்கான மாதிரியாக நினைத்துச் செய்யப்பட்டது. ஆனால் அன்று எந்த ஆலையும் இதைச் செய்யவில்லை. சில வெள்ளியில், சில உட்புறம் வெள்ளி பூசிய பித்தளையில், எல்லாமே கையால். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூக்கு உடலோடு சேரும் இடத்தில் பொடி வைத்துப் பற்றவைத்து, ராவி, மெருகேற்றித் தடம் தெரியாமல் அழித்திருக்கிறார்கள். இயந்திரம் செய்தது போலத் தோன்றுவதற்காக ஒரு கை எவ்வளவு பாடுபட்டிருக்கிறது! பௌஹவுஸ் என்றால் ஆலை, எஃகு, கண்ணாடி, தட்டைக் கூரை என்றே நமக்குப் பதிந்திருக்கிறது. அது 1925-க்குப் பிறகு டெஸ்ஸாவில் வளர்ந்த முகம். 1919-லிருந்து 1925 வரை வைமாரில் இருந்த பள்ளி, சுத்தியலும் உளியும் சக்கரமும் தறியும் ஓய்வின்றி ஓசையிட்ட இடம். வால்ட்டர் குரோப்பியஸ் தொடங்கிய அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் ஓவியரும் ஒரு கைவினைஞரும் சேர்ந்து ஆசிரியர்களாக இருந்தார்கள். இந்த அருங்காட்சியகத்துக்கு நான் கடன்பட்டிருப்பது இதற்காகத்தான்: அந்த ஆறு வருடங்களின் கைகளை இங்கே பார்க்க முடிகிறது.

மேசை விளக்கிலும் அதே கதை. வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட், கார்ல் யாகோப் யுக்கர் இருவர் பெயரையும் சொல்ல வேண்டிய விளக்கு. 1924. கனமான கண்ணாடி வட்டத்தின் மேல் கண்ணாடித் தண்டு. அதன் மேல் பால் வெள்ளைக் கண்ணாடியில் குவிந்த மூடாக்கு. மின்கம்பியை எப்படி மறைப்பது என்பதுதான் அக்கால விளக்குக்காரர்களின் கவலை. இவர்கள் மறைக்கவில்லை. கண்ணாடித் தண்டுக்குள் ஒரு மெல்லிய உலோகக் குழாய், அதற்குள் கம்பி. மின்சாரம் மேலே ஏறும் வழி ஊடுருவித் தெரிகிறது. மூடாக்கின் கீழ்விளிம்பில் ஓர் உலோக வளையம் ஓடுகிறது. அந்த வளையம் இல்லாமல் ஒரு நிமிடம் கற்பனை செய்து பார்த்தேன். வெளிச்சம் கண்ணாடியின் வெட்டுமுனையில் கலங்கி, வடிவமே கரைந்துபோகும். வளையம் இருப்பதால் ஒளியின் உருண்டை அங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஓவியத்துக்குக் கடைசியில் போடும் கோடு மாதிரி.

அந்த வருடம் லைப்ஸிக் வணிகச் சந்தைக்கு விளக்குகளை எடுத்துக்கொண்டு போனார் வாகன்ஃபெல்ட். வியாபாரிகள் சிரித்தார்கள். பார்த்தால் இயந்திரத்தில் மலிவாகச் செய்ததுபோல இருக்கிறது, விலையோ கைவேலைப்பாட்டின் விலை. அவர்கள் சொன்னது சரிதான் என்று வாகன்ஃபெல்டே எழுதினார். இதைப் படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. விளக்குக்கு முன்னால் நின்றபோது அந்த வருத்தம் மாறிப்போயிற்று. கையால் செய்துகொண்டே இயந்திரத்தைக் கனவு கண்டவர்களின் பொருளுக்கு, கைவேலைக்கும் ஆலைச் சரக்குக்கும் இல்லாத ஒரு கவனம் இருக்கிறது. ஒவ்வோர் இணைப்பிலும், இதை நாளைக்கு ஆயிரம் பேர் புழங்கப் போகிறார்கள் என்ற பொறுப்பு தெரிகிறது.

மண்பாண்டப் பட்டறை வைமாரில் இல்லை. பக்கத்திலுள்ள டோர்ன்பர்க் என்ற சிற்றூரில் இருந்தது. அங்கே தியோடோர் போக்லர் 1923-ல் செய்த தேநீர்ப் பாண்டத்தில், களிமண் குழம்பை அச்சுகளில் வார்த்து உடல், மூக்கு, பிடி, மூடி எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்து, வெவ்வேறு விதமாகச் சேர்த்தார்கள். பிடி ஒன்றில் பக்கவாட்டில், ஒன்றில் பின்னால், ஒன்றில் மேலே. யோசனையாக இது மிகவும் கெட்டிக்காரத்தனமானது. பாண்டமாக என்னை அதிகம் நிறுத்தவில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று பழகுவதற்கு முன்பே சேர்ந்துவிட்டதுபோல ஒரு விறைப்பு. (போக்லர் சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு மடத்தில் துறவியாகச் சேர்ந்தார்.)

சதுரங்கக் காய்களிடம் வந்தபோது திரும்பவும் கால் நின்றுவிட்டது. யோசஃப் ஹார்ட்விக் 1923-24-ல் செய்தவை. இவர் சிற்பப் பட்டறையில் கைவினை ஆசிரியர், கல்லிலும் மரத்திலும் தேர்ந்தவர். ராஜாவுக்குக் கிரீடம் இல்லை. குதிரைக்குப் பிடரி இல்லை. அவர் தனக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: இந்தக் காய் எப்படி நகரும்? அதையே வடிவமாக்கினார். நேர்க்கோட்டில் போகும் யானை வெறும் கனசதுரம், அதன் பக்கங்கள் நாலு திசையையும் காட்டுகின்றன. குறுக்காகப் போகும் மந்திரி, மரத்தில் வெட்டிய பெருக்கல் குறி. குதிரை, கனசதுரங்கள் சேர்ந்து ஒரு முழங்கைபோல மடங்கிய வடிவம், அதன் தாவலும் அப்படித்தான். ராஜா ஒரு கனசதுரத்தின் மேல் சின்ன கனசதுரம். மேலே இருப்பதை நாற்பத்தைந்து பாகை திருப்பி வைத்திருக்கிறார். நேராகவும் போகலாம், குறுக்காகவும் போகலாம் என்பதற்கு அந்தத் திருப்பம் ஒன்றே போதும். ராணிக்கு மேல் மட்டும் ஓர் உருண்டை. உருண்டைக்குத் திசை ஏது? எல்லாத் திசையும் அதற்கு வழிதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ராஜா தலையிலுள்ள அந்தத் திருப்பம். சின்னக் கனசதுரத்தை நேராகவே வைத்திருந்தால் அது ஒரு படிக்கட்டு. நாற்பத்தைந்து பாகை திருப்பியதும், மேல்சதுரத்தின் நாலு மூலைகளும் கீழ்ச்சதுரத்தின் நாலு பக்கங்களைப் பார்க்கின்றன. கீழே நிழல் எட்டு விதமாக விழுகிறது. மரத்தில் வேறு எதையும் செதுக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை. சதுரங்கம் தெரியாத குழந்தையிடம் இந்தக் காய்களைக் கொடுத்தால், ஆட்டத்தின் பாதி விதிகளை விரலால் தடவியே தெரிந்துகொண்டுவிடும்.

குழந்தை என்றதும் தொட்டில். பீட்டர் கேலர் 1922-ல் செய்தது. வைமாரில் இருப்பவற்றில் கூட்டம் மொய்ப்பது இதனிடம்தான். மஞ்சள் முக்கோணங்கள், சிவப்பு நீள்சதுரங்கள், இருபுறமும் நீல வட்டங்கள். வாஸிலி கண்டின்ஸ்கியின் வகுப்புப் பாடம் அப்படியே பொருளாகிவிட்டது. மஞ்சள் முக்கோணத்துக்கு, சிவப்பு சதுரத்துக்கு, நீலம் வட்டத்துக்கு என்று அவர் கற்பித்தார். (அதே 1922-ஆம் ஆண்டு டிசம்பரில், கண்டின்ஸ்கி, பால் க்ளே உட்பட இந்தப் பள்ளி ஓவியர்களின் படைப்புகள் வைமாரிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்து, ககனேந்திரநாத் தாகூர், அவனீந்திரநாத் தாகூர் ஆகியோரின் ஓவியங்களோடு ஒரே கண்காட்சியில் இடம்பெற்றன. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதற்குப் பின்னால் இருந்தார்.) வட்டமான வளையத்தின் மேல் தொட்டிலை வைத்தால் முழுக்க உருண்டு கவிழ்ந்துவிடாதா என்று பார்த்தவுடன் பயம் வரும். முக்கோணத்தின் கூர்முனை கீழ்நோக்கி இருப்பதைக் கவனித்தால் அது தணிந்துவிடும். எடை முழுவதும் அந்த அடிமுனையில் இறங்கி நிற்கிறது. எவ்வளவு ஆட்டினாலும் தொட்டில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டும். இந்தத் தொட்டிலில் பாடம் முந்திக்கொள்கிறது, பிள்ளை பிந்திவிடுகிறது. வண்ணங்களை ரசித்தேன். அந்த மரக்கூரில் ஒரு சிசுவைக் கிடத்திப் பார்க்க மனம் துணியவில்லை.

பிள்ளையை முன்னால் வைத்தவர் அல்மா புஷர். 1923-ல் அவர் செய்த கப்பல் விளையாட்டில் 22 மரத்துண்டுகள். வண்ணம் பூசியவை. எல்லாம் பெட்டிக்குள் நெருக்கமாக அடங்கும். எடுத்து அடுக்கினால் கப்பல். வளைந்த அடித்துண்டுகளைக் கவிழ்த்தால் பாலம், நிறுத்தினால் மலை, வேறெப்படியோ வைத்தால் பெரியவர்களுக்குப் பெயர் தெரியாத ஒன்று. கப்பல் என்று பெயர் வைத்தாரே தவிர, எந்தத் துண்டிலும் சன்னலோ நங்கூரமோ வரையவில்லை. அதை வரையாமல் விட்டதுதான் நயம். ஒரு துண்டில் சன்னல் வரைந்திருந்தால் அது என்றைக்கும் கப்பலின் துண்டாகவே இருந்திருக்கும்.

நகரத்தின் மறுபுறம், பூங்காவைத் தாண்டி மேட்டில் இருக்கும் ஹவுஸ் ஆம் ஹார்ன் வீட்டின் குழந்தைகள் அறைக்கும் சாமான்கள் செய்தவர் புஷர்தான். 1923 கோடையில், பள்ளி தன் வேலையை ஊருக்குக் காட்ட நடத்திய கண்காட்சிக்காகக் கட்டிய வீடு அது. வடிவமைத்த கேயார்க் மூஹே ஓர் ஓவியர். சதுரமான வீட்டின் நடுவே கூடம். அதன் கூரை மட்டும் சுற்றியுள்ள அறைகளைவிட உயர்ந்து, அந்த உயரத்திலுள்ள சன்னல்கள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. சமையலறையில் வேலைமேடை சன்னலுக்குக் கீழே இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. இன்று நாம் வெகு சாதாரணமாகக் காணும் சமையலறை மேடையை, அது புதிதாக இருந்த காலத்தில் போய்ப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். புஷர் செய்த விளையாட்டு அலமாரியின் கதவைத் திறந்தால் அது பொம்மலாட்ட மேடை. பெட்டிகளை உருட்டலாம், கவிழ்த்து உட்காரலாம். அறையில் எந்தச் சாமானும் குழந்தையிடம் ‘தொடாதே’ என்று சொல்லவில்லை.

அந்தக் கோடையில் ஜெர்மனியில் பணம் செல்லாக்காசாகிக்கொண்டிருந்தது. வைமார் இருக்கும் தூரிங்கியா மாநிலத்தின் வங்கிக்கு அவசரமாக நோட்டு அடிக்க வேண்டியிருந்தது. வேலை பௌஹவுஸ் மாணவர் ஒருவருக்கு வந்தது. ஹெர்பர்ட் பாயர், வயது 23. பத்து லட்சம் மார்க், இருபது லட்சம் மார்க் என்று அவர் வரைந்த நோட்டுகளில் மன்னர் முகம் இல்லை, கொடி இல்லை, பூவேலை இல்லை. கொம்பும் வாலும் இல்லாத தடித்த எழுத்துகள், எண், கோடு. ஒரு பக்கம் மட்டும் அச்சு. மை காய்வதற்குள் மதிப்பு கரைந்துபோகும் காகிதத்தில், எண்ணுக்கும் ஓரத்துக்கும் இடையே எவ்வளவு வெள்ளை விடவேண்டும் என்று அந்த இளைஞர் யோசித்திருக்கிறார். இதை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

1924-ல் மாநில ஆட்சி வலதுசாரிகளின் கைக்குப் போனது. பள்ளிக்கான பணம் வெட்டப்பட்டது. 1925-ல் பள்ளி டெஸ்ஸாவுக்கு இடம்பெயர்ந்தது. போவதற்கு முன்னால் பட்டறைகளில் செய்தவற்றிலிருந்து 160-க்கும் மேற்பட்ட பொருள்களைத் தேர்ந்தெடுத்து, வைமாரின் கலைச் சேகரத்தில் குரோப்பியஸ் ஒப்படைத்துவிட்டுப் போனார். 1930-ல், பள்ளியின் பழைய கட்டடத்தில் ஆஸ்கர் ஷ்லெம்மர் செய்த சுவரோவியங்களை நாஜிச் சார்புள்ள நிர்வாகம் அழித்தது. ஆனால் விட்டுப்போன பொருள்கள் தப்பின. அந்தச் சேகரத்தை நடுவில் வைத்துத்தான் 2019 ஏப்ரலில், பள்ளியின் நூற்றாண்டில், இப்போதைய அருங்காட்சியகம் திறந்தது. ஹைகே ஹனாடா வடிவமைத்த கட்டடம். வெளிர் சாம்பல் கான்கிரீட்டில் ஒரு பெரும் பெட்டி. சுவர் முழுக்க மெல்லிய கிடைக்கோடுகள், இருட்டியதும் அவை ஒளிரும். பக்கத்திலேயே நாஜி ஆட்சி கட்டிய பிரம்மாண்டமான நிர்வாக வளாகம் நிற்கிறது. அருங்காட்சியகம் நிற்கும் சதுக்கத்துக்கு ஸ்டெஃபான் ஹெஸ்ஸல் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் புகென்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர்.

புகென்வால்ட் தூரத்தில் இல்லை. வைமாருக்கு வடக்கே, ஏட்டர்ஸ்பெர்க் குன்றின் மேல். 1937-லிருந்து 1945 வரை சுமார் 2,80,000 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். 56,000 பேர் இறந்தார்கள். கவிஞர்கள் கதே, ஷில்லர் வீடுகளைப் பார்க்க வருகிறவர்களில் பலர் அங்கேயும் போகிறார்கள். நான் குடுவையையும் காய்களையும் பார்த்த மறுநாள் போனேன்.

முகாமின் வாயிற்கதவில் இரும்பில் வெட்டிய ஒரு வாசகம் இருக்கிறது. அவரவர்க்கு உரியது அவரவர்க்கு, என்று பொருள். பழைய ரோமானிய நீதிமொழி. கைதிகளைக் குத்திக்காட்டுவதற்காக நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுத்துகளை வடிவமைக்கும்படி 1938-ல் கட்டளையிடப்பட்டவர் ஃபிரான்ஸ் ஏர்லிஹ் என்ற கைதி. அவர் டெஸ்ஸா பௌஹவுஸில் படித்தவர். நாஜிகளை எதிர்த்து வேலை செய்ததற்காக 1934-ல் பிடிபட்டவர். முகாம் அதிகாரிகளுக்கு அவர் கொடுத்தது, அவர்கள் ஆட்சி இழிவென்று ஒதுக்கிய பள்ளியின் எழுத்து. கொம்பும் வாலும் அற்ற, வட்டத்திலிருந்தும் நேர்க்கோட்டிலிருந்தும் பிறந்த பெரிய எழுத்துகள். அதை அவர்கள் கவனிக்கவில்லை. தங்கள் வாயிலிலேயே தொங்கவிட்டுக்கொண்டார்கள்.

பழக்கதோஷத்தில் அங்கேயும் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன். வெளியே நின்றால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றன. உள்ளே, தினமும் கைதிகளை நிறுத்தித் தலை எண்ணிய மைதானத்தைப் பார்த்தபடிதான் அந்த வாசகம் வைக்கப்பட்டிருக்கிறது. ஏர்லிஹ் அவசரத்தில் செய்துவிடவில்லை. வளையும் இடத்தில் எழுத்தின் தடிமன் மாறவில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விட்ட இடம் ஒரே சீராக இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு, கதவைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பி நிற்க வேண்டியிருந்தது.